பழைய கேம் கன்சோலைக் கணினியில் பதிவு செய்யும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்து சரிசெய்ய

பழைய கன்சோல் ஆட்டங்களைக் கணினியில் பதிவு செய்யப் பார்க்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் திரும்பத் திரும்ப அதே சிலதான். படம் கறுப்பாக இருக்கிறது, கோடு கோடாக வருகிறது, சத்தம் ஒரு காதில்தான் கேட்கிறது. சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி: "வேற கேப்சர் கார்டு வாங்கட்டுமா?" பெரும்பாலும் வேண்டாம். கேப்சர் கார்டு என்பது கன்சோலின் படத்தையும் சத்தத்தையும் கணினிக்குள் வாங்கித் தரும் கருவி, அது கெட்டுப்போவது அபூர்வம். கன்சோல் அனுப்புகிற சிக்னல் ஒன்று, கார்டு எதிர்பார்ப்பது இன்னொன்று என்பதுதான் வழக்கமான சிக்கல். அதைச் சரிசெய்ய செட்டிங்ஸ் போதும்.

விண்டோஸ் கணினியில் ஓபிஎஸ் என்ற வீடியோ பதிவு மென்பொருள் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கருவிகள் இரண்டு வகை. ஒன்று, மஞ்சள் சிவப்பு வெள்ளை பின்களை நேராக வாங்கும் யூஎஸ்பி கேப்சர். கடையில் ஈசிகேப் என்று கேட்டால் எடுத்துத் தருவது. இன்னொன்று, ஏவி சிக்னலை ஹெச்டிஎம்ஐ ஆக மாற்றும் பெட்டியும் அதன் பின்னால் ஒரு ஹெச்டிஎம்ஐ கேப்சரும். எந்த அறிகுறிக்கு எந்த வகை என்று அங்கங்கே சொல்கிறேன்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனை

டிவியில் நேராகப் போட்டுப் பாருங்கள். அதே கன்சோல், அதே கேபிள், நடுவில் வேறு எதுவும் வேண்டாம். பழைய டப்பா டிவி கிடைத்தால் நல்லது. அது பெரும்பாலான பழைய சிக்னலைக் குறை சொல்லாமல் காட்டிவிடும். டிவியில் படம் ஒழுங்காக வந்தால் கோளாறு கேப்சர் பக்கம். டிவியிலும் அதே கோளாறு வந்தால் கணினியில் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை.

கன்சோலின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இரண்டு விஷயம் வேண்டும்: எத்தனை வோல்ட், டிவி சிக்னல் பால் (PAL) முறையா என்டிஎஸ்சி (NTSC) முறையா. ஜப்பான் கன்சோலுக்கு 100 வோல்ட், அமெரிக்க கன்சோலுக்கு 120. அந்த அடாப்டரை நம் 230 வோல்ட் சுவிட்சில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். அடாப்டர் தொலைந்துபோய் "எதோ 9 வோல்ட்" ஒன்றைச் செருகுவதும் ஆபத்து. சேகாவின் முதல் மாடல் மெகா டிரைவுக்கு வேண்டியது நடுப்பின் நெகட்டிவ் ஆன 9 வோல்ட் டிசி. நின்டெண்டோவின் என்இஎஸ் கேட்பது 9 வோல்ட் ஏசி. பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள்.

## அறிகுறி: திரை முழுக்கக் கறுப்பு, அல்லது நீலம்

### டிவியில் வருகிறது, ஓபிஎஸ்ஸில் மட்டும் வரவில்லை

கார்டை வேறு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டுடன் வந்த சிடி மென்பொருளோ, வீடியோ கால் செயலியோ பின்னணியில் திறந்திருந்தால் ஓபிஎஸ்ஸுக்குப் படம் கிடைக்காது. எல்லாவற்றையும் மூடுங்கள். விண்டோஸ் பிரைவசி செட்டிங்ஸில் கேமரா அனுமதி அணைந்திருந்தாலும் இதே நிலைதான், ஏனென்றால் விண்டோஸ் கேப்சர் கார்டையும் கேமராவாகவே நினைக்கிறது.

அடுத்து, யூஎஸ்பி ஏவி கேப்சர் என்றால் உள்ளீடு எது என்று பாருங்கள். இந்தக் கருவிகளில் மஞ்சள் பின், எஸ்-வீடியோ (வெளிச்சமும் நிறமும் தனித்தனியாக வரும் வட்டத் துளை) என்று இரண்டு வழி இருக்கும். ஓபிஎஸ்ஸில் சோர்ஸ் பட்டியலில் நீங்கள் சேர்த்த கேப்சரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் "கான்ஃபிகர் கிராஸ்பார்" என்று ஒரு பட்டன் இருக்கும். அங்கே எஸ்-வீடியோ தேர்வாகியிருந்தால் மஞ்சள் பின்னில் எவ்வளவு நல்ல படம் வந்தாலும் திரை கறுப்புதான். கம்போசிட், அதாவது மஞ்சள் பின், என்று மாற்றியதும் படம் வந்துவிடும். கார்டு கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்தவற்றில் நிறைய இதிலேயே தீர்ந்திருக்கின்றன.

அதே பிராப்பர்ட்டீஸில் "கான்ஃபிகர் வீடியோ" என்றும் ஒரு பட்டன் இருக்கும். அதற்குள் "வீடியோ டீகோடர்" பக்கத்தில் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பால் கன்சோலுக்குப் பால்_பி, அமெரிக்க, ஜப்பான் கன்சோலுக்கு என்டிஎஸ்சி_எம். இந்தியாவின் டிவி முறை பால் என்பதால், 1990களில் இங்கே ஓடிய டிவி கேம் பெட்டிகள், அதாவது நின்டெண்டோ ஃபேமிகாமின் (என்இஎஸ்ஸின் ஜப்பான் வடிவம்) நகல்கள், பெரும்பாலும் பால்தான். கார்டோ என்டிஎஸ்சியில் வைத்தபடி வருவது வழக்கம்.

ஹெச்டிஎம்ஐ கேப்சர் என்றால்:

- கன்சோல் பிளேஸ்டேஷன் 3 ஆ? அதன் ஹெச்டிஎம்ஐயில் ஹெச்டிசிபி என்ற நகல் தடுப்பு எப்போதும் இயங்கும், அணைக்க வழியில்லை. பிளேஸ்டேஷன் 4 இல் அதை அணைக்க செட்டிங் உண்டு, 3 இல் இல்லை. கம்பொனன்ட் கேபிள் (படத்துக்கு மட்டும் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின் உள்ளது) வாங்கி, அதை ஏற்கும் கருவி வழியாகப் பதிவு செய்யுங்கள். பிளேஸ்டேஷன் 1, 2, 3 மூன்றுக்கும் பின்பக்க ஏவி துளை ஒன்றே என்பதால் பழைய பிளேஸ்டேஷன் 2 கம்பொனன்ட் கேபிள் இருந்தாலும் போதும். கேபிளை மாற்றிய பிறகு படம் வராவிட்டால், பிஎஸ்3 ஐ அணைத்துவிட்டு பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். வீடியோ அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.
- பிளேஸ்டேஷன் 2 பின்னால் செருகும் சின்ன ஹெச்டிஎம்ஐ டாங்கிளா? அது படத்தைப் பெரிதாக்காமல் கன்சோல் தரும் 480ஐ சிக்னலை (ஒற்றைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைக் கோடுகள் ஒரு முறை என்று மாறி மாறி அரைப்படமாக வருவது) அப்படியே அனுப்பிவிடும். சில கேப்சர் கருவிகள் 480ஐ என்றாலே வாங்குவதில்லை. அதே டாங்கிளை டிவியில் செருகிப் படம் வந்தால் காரணம் இதுதான். 720பி ஆக மாற்றித் தரும் பெட்டி ஒன்று நடுவில் வேண்டும்.

இத்தனையும் பார்த்தும் கறுப்பு என்றால் கேப்சரை வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கும் வராவிட்டால் அப்போது புதியது வாங்கலாம்.

### டிவியிலும் கறுப்பு

கேசட் போடும் கன்சோல் என்றால் கேசட்டின் உலோகப் பற்களைச் சுத்தம் செய்யுங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, பல் வரிசையின் நீளவாக்கில் துடைத்தால் பஞ்சு சாம்பல் நிறமாகும். பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். ஊதுவதை விட்டுவிடுங்கள், எச்சில் ஈரம் பட்டால் பற்கள் அரித்துப்போகும். அப்புறம் ஏவி துளைக்குள் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிளை லேசாக அசைத்தால் படம் வந்து போகிறதென்றால் துளையின் சால்டர் விட்டிருக்கிறது.

இதற்கு மேல் மெக்கானிக் வேலை. போர்டில் சால்டர் வைப்பது, கப்பாசிட்டர் மாற்றுவது, பவர் சப்ளையைத் திறப்பது எல்லாம் பழகியவர் செய்ய வேண்டும். பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் கன்சோல்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

### கன்சோலில் ஏவி பின்னே இல்லை, ஆன்டெனா வயர் மட்டும்தான்

பழைய நகல் பெட்டிகள் சிலவற்றில் இப்படித்தான். வீட்டில் பழைய விசிஆர் கிடக்கிறதா? அதன் ஆன்டெனா துளையில் கேம் வயரைச் செருகி, சேனலைத் தேடிப் பிடித்து, விசிஆரின் மஞ்சள், வெள்ளை பின்களில் இருந்து கேப்சருக்கு எடுங்கள். படம் கொஞ்சம் புள்ளியடித்தாலும் வேலை நடக்கும். சுத்தமாக வேண்டுமென்றால் பெட்டிக்குள் ஏவி வயர் எடுத்துத் தரச் சொல்லி டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள். தெரிந்தவருக்குச் சின்ன வேலைதான்.

## அறிகுறி: படம் வருகிறது, நிறம் சரியில்லை

### கறுப்பு வெள்ளையாக இருக்கிறது

கம்பொனன்ட் கேபிளின் பச்சைப் பின்னை மஞ்சள் துளையில் செருகியிருந்தால் இப்படித்தான் வரும். பச்சையில் வெளிச்சம் மட்டும்தான் போகிறது. கேபிள் சரி என்றால், மேலே சொன்ன பால், என்டிஎஸ்சி தேர்வைப் பாருங்கள். பாலின் நிற அலை 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியினுடையது 3.58. தப்பான இடத்தில் தேடினால் கார்டுக்கு நிறம் கிடைக்காது. ஐரோப்பிய சேகா ட்ரீம்காஸ்ட், நின்டெண்டோ வீ போன்ற கன்சோல்களில் 60 ஹெர்ட்ஸ் தேர்வு செய்திருந்தால் பட்டியலில் பால்_60 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கன்சோலை 50 ஹெர்ட்ஸுக்கே மாற்றிவிடலாம்.

பிளேஸ்டேஷன் 1 இல் தனியாக ஒன்று உண்டு. பால் கன்சோலில் மோட் சிப் (வேறு நாட்டு டிஸ்க்கையும் ஓடவைக்கும் சிப்) போட்டு அமெரிக்க டிஸ்க்கை ஓட்டினால், மஞ்சள் பின்னில் கறுப்பு வெள்ளையாக வருவது அந்தக் கன்சோலின் குணம். நிற அலையின் வேகமே தப்பாக உருவாகிறது என்பதால் எஸ்-வீடியோவுக்கு மாறினாலும் தீராது. ஆர்ஜிபி கேபிள் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் போவது) போட்டு, ஆர்ஜிபி வாங்கும் மாற்றுப்பெட்டி வழியாக எடுக்க வேண்டும். வேண்டாமென்றால் நிற அலையைச் சரியான வேகத்தில் உருவாக்கும் கிரிஸ்டலை உள்ளே வைத்துத் தரத் தெரிந்த மெக்கானிக்கைப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் செலவாகும். அந்த ஆட்டத்தின் பால் பதிப்பு டிஸ்க் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள்.

### பச்சையாக, அல்லது ஊதாவும் கறுப்புமாக இருக்கிறது

பிளேஸ்டேஷன் 2 என்றால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே செட்டிங்தான். டிஸ்க் இல்லாமல் ஆன் செய்து சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குள் "கம்பொனன்ட் வீடியோ அவுட்" என்பதைப் பாருங்கள். ஆர்ஜிபி என்று இருந்தால் அதற்கு எதிரில் இருக்கும் ஒய்-சிபி-சிஆர் தேர்வுக்கு மாற்றுங்கள். படமே புரியாத அளவுக்கு நிறம் கெட்டிருந்தால், சாதாரண மஞ்சள் பின் கேபிளைப் போட்டு மெனுவில் மாற்றிவிட்டு, பிறகு கம்பொனன்ட் கேபிளைச் செருகுங்கள். மேலே சொன்ன ஹெச்டிஎம்ஐ டாங்கிளுக்கும் இதேதான்.

மற்ற கன்சோல்களில் நீலப் பின்னும் சிவப்புப் பின்னும் இடம் மாறியிருக்கும். கம்பொனன்ட் கேபிளில் சிவப்புப் பின் இரண்டு இருப்பதால், சத்தத்துக்கான சிவப்பைப் படத்தில் செருகிவிடுவதும் உண்டு.

### மங்கலாக இருக்கிறது, இருட்டடித்தாற்போல

டிவிக்கும் கேப்சருக்கும் சேர்த்து ஒய் வடிவப் பிரிப்பான் போட்டிருக்கிறீர்களா? கழற்றிவிட்டுப் பாருங்கள். கன்சோலின் வீடியோ சிக்னல் ஒரு 75 ஓம் கருவிக்கென்றே அளந்து வருகிறது. இரண்டு கருவி சேர்ந்து இழுத்தால் வோல்டேஜ் இறங்கி இரண்டிலும் படம் இருட்டாகும். ஓபிஎஸ்ஸில் பிரைட்னஸ் ஏற்றி ஈடுகட்டாதீர்கள், படத்தின் புள்ளிகளும் சேர்ந்து ஏறும். தனி அடாப்டர் வைத்த ஏவி ஸ்பிளிட்டர் வாங்குங்கள். சத்தத்துக்கான சிவப்பு, வெள்ளைக்குச் சாதாரணப் பிரிப்பானே போதும்.

ஹெச்டிஎம்ஐ கேப்சரில் கறுப்பு சாம்பல் நிறமாக வெளிறித் தெரிந்தால், சோர்ஸ் பிராப்பர்ட்டீஸில் "கலர் ரேஞ்ச்" என்பதை லிமிடெட்டுக்கு மாற்றுங்கள். இருட்டான இடங்களில் விவரமெல்லாம் கறுப்பில் மூழ்கிப்போனால் ஃபுல்.

### நிற ஓரங்களில் எறும்பு ஊர்வது போல, அல்லது வானவில் பட்டைகள்

மஞ்சள் பின்னின் இயல்பு இது. சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷன் 1, 2 இவற்றுக்கு எஸ்-வீடியோ கேபிள் போட்டால் பெரிய மாற்றம் தெரியும். ஈசிகேப் வகையிலும் அந்தத் துளை இருக்கிறது. மெகா டிரைவில் எஸ்-வீடியோ கிடையாது, ஆர்ஜிபிதான் வழி. ஆனால் மெகா டிரைவ் ஆட்டங்கள் பலவற்றை மஞ்சள் பின்னின் மங்கலை நம்பியே வரைந்திருக்கிறார்கள். சோனிக் ஆட்டத்தின் அருவி, செங்குத்துக் கோடுகள் கலந்து கண்ணாடி போலத் தெரிய வேண்டியது, ஆர்ஜிபியில் வெறும் கோடுகளாக நிற்கும். அந்த ஆட்டங்களை மஞ்சள் பின்னிலேயே பதிவு செய்வதில் ஒரு குறையும் இல்லை என்பது என் கருத்து.

## அறிகுறி: ஓடும்போது உருவத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிரிகிறது, அல்லது அடிபட்டதும் கதாநாயகன் காணாமல் போகிறான்

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம். இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள், பதிவையும் இதுதான் அதிகம் கெடுக்கிறது.

என்இஎஸ், மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் 1 இன் பெரும்பாலான ஆட்டங்கள் எல்லாம் 240பி சிக்னல் தருகின்றன. நொடிக்கு 60 முழுப்படங்கள், ஒவ்வொன்றும் 240 கோடு. பால் என்றால் 50 படங்கள், 288 கோடு. மலிவான மாற்றுப்பெட்டிகளும் கேப்சர்களும் இதை 480ஐ என்று தப்பாக எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டி நொடிக்கு 30 ஆக்கிவிடுகின்றன. அசையும் உருவத்தின் ஓரம் பிரிவது அதனால்தான்.

அந்தக் கால ஆட்டங்களில் அடிபட்ட கதாநாயகன் ஒரு படத்தில் தெரிவான், அடுத்ததில் மறைவான். கண்ணுக்கு மினுக்கலாக இருக்கும். நிழல்களையும் புகையையும் இதே தந்திரத்தில் காட்டியிருப்பார்கள். பாதிப் படங்களைக் கார்டு தூக்கி எறிந்தால், தெரியும் பாதி மட்டும் மிஞ்சி மினுக்கலே இருக்காது. இல்லையென்றால் மறையும் பாதி மிஞ்சி ஆளே இருக்க மாட்டான்.

சோதனை: வேண்டுமென்றே அடிவாங்கி, அந்த இடத்தைப் பதிவு செய்யுங்கள். விஎல்சி பிளேயரில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஆள் மாறி மாறித் தெரிந்து மறைந்தால் உங்கள் பதிவு சரி. தொடர்ந்து பல பிரேம்களுக்கு ஒரே நிலையில் இருந்தாலோ, இரண்டு நிலையும் கோடு கோடாகக் கலந்திருந்தாலோ, கீழே சொன்ன வரிசையில் போங்கள்.

1. ஓபிஎஸ் செட்டிங்ஸில் வீடியோ பக்கத்தில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 30 என்று இருந்தால் 60 ஆக்குங்கள். பால் கன்சோலுக்கு 50. பாலை 60 இல் பதிவு செய்தால் சீராக நகரும் பின்னணி நொடிக்குப் பலமுறை தடுக்கி நகரும்.
2. யூஎஸ்பி ஏவி கேப்சர் என்றால் சோர்ஸ் மீது வலது கிளிக் செய்து "டீஇன்டர்லேசிங்" போங்கள், அரைப்படங்களை முழுப்படமாக்கும் முறையை அங்கேதான் தேர்ந்தெடுப்பது. 240பி ஆட்டங்களுக்கு முதலில் "ரெட்ரோ", அது பிடிக்காவிட்டால் "யாடிஃப் 2எக்ஸ்". வெறும் யாடிஃப் வேண்டாம், அது 30 படத்திலேயே நின்றுவிடும். பிளேஸ்டேஷன் 2 போன்ற 480ஐ கன்சோலுக்கு யாடிஃப் 2எக்ஸ் நேராகப் பொருந்தும்.
3. இப்போது உருவம் முன்னும் பின்னுமாக உதறினால் அதே மெனுவில் "டாப் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்" என்பதை "பாட்டம்" என மாற்றுங்கள்.
4. கார்டின் சொந்த டிரைவரே முன்கூட்டி டீஇன்டர்லேஸ் செய்து 30 படம்தான் தருகிறதா? "ரெசல்யூஷன்" கஸ்டம் ஆக்கி 720×480, பாலுக்கு 720×576 என்று வையுங்கள். 640×480 இல் வைத்தால் சில டிரைவர்கள் கோடுகளைக் கலக்கிச் சுருக்கிவிடுகின்றன, பிறகு பிரிக்க முடியாது.
5. ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக்கும் மலிவுப் பெட்டி நடுவில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. இரண்டு படத்தையும் அந்தப் பெட்டி தனக்குள்ளேயே ஒட்டி முடித்துவிடுகிறது. பெட்டியை நீக்கி நேரடி யூஎஸ்பி ஏவி கேப்சருக்கு மாறுங்கள், விலையும் குறைவு.
6. இன்னும் கூர்மையாக வேண்டுமென்றால் 240பியைப் புரிந்துகொள்ளும் கருவிகள்: ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் வரிசை, ஜிபிஎஸ்-கன்ட்ரோல். இந்தக் கடைசிப் படியில் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் ஐந்தையும் முடிக்காமல் இதற்குப் பணம் போடாதீர்கள்.

யூடியூபில் ஏற்றிய பிறகு மட்டும் கதாநாயகன் மறைகிறான் என்றால் பதிவில் தப்பில்லை. 480 அளவில் ஏற்றினால் யூடியூப் 30 படம்தான் காட்டும். 60 படம் 720 முதல்தான். பதிவை 1920×1440 ஆகப் பெரிதாக்கி ஏற்றுங்கள். 240 ஐ ஆறால் பெருக்கினாலும் 288 ஐ ஐந்தால் பெருக்கினாலும் 1440 வருவதால் இரண்டு முறைக்கும் புள்ளிகள் சமமாக விரியும். சிவப்பு எழுத்துகள் வழிந்து தெரிவதும் பெரிதாக்கி ஏற்றினால் குறையும்.

## அறிகுறி: மெனு திறக்கும்போது படம் சில நொடி அணைந்து வருகிறது

பிளேஸ்டேஷன் 1 இல் இது அதிகம். ஆட்டம் 240பியில் ஓடும், மெனு மட்டும் 480ஐக்கு மாறும். மெகா டிரைவில் சோனிக் 2 ஐ இருவர் ஆடும்போது இதே மாற்றம் நடக்கும். மாற்றுப்பெட்டி புது சிக்னலைப் பிடிக்கும்வரை திரை கறுப்பு.

யூஎஸ்பி ஏவி கேப்சரில் இது பெரும்பாலும் வராது. ஓஎஸ்எஸ்சியில் வந்தால் 240பி, 480ஐ இரண்டுக்கும் இரண்டு மடங்கு என ஒரே அளவை வையுங்கள். வெளியே போகும் அளவு மாறாததால் இடைவெளி குறையும். அப்படியும் வந்தால் ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போல இந்த மாற்றத்தைச் சீக்கிரம் பிடிக்கும் கருவிதான் தீர்வு.

ஓஎஸ்எஸ்சியுடன் சூப்பர் நின்டெண்டோவோ என்இஎஸ்ஸோ போட்டால் மட்டும் கேப்சர் படத்தை ஏற்காமல் அடம்பிடிக்கிறதா? இவை நொடிக்குச் சரியாக 60 படம் தருவதில்லை, 60.1 அருகில் தருகின்றன. இடையில் ஒரு கோடு நீளம் குறைந்தும் வருகிறது. டிவி பொறுத்துக்கொள்ளும், சில கேப்சர்கள் பொறுப்பதில்லை. அதைச் சரிசெய்ய டீஜிட்டர் மோட் என்று கன்சோலுக்குள் செய்யும் மாற்றம் உண்டு, போர்டில் சால்டர் வேலை. கன்சோலைத் திறந்து பழகாதவர் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## அறிகுறி: சத்தம்

### ஒரு காதில் மட்டும் கேட்கிறது

என்இஎஸ்ஸும் அதன் நகல்களும் மோனோ. ஓபிஎஸ்ஸில் அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸில் "மோனோ" டிக் செய்தால் முடிந்தது. முதல் மாடல் மெகா டிரைவின் ஏவி துளையும் மோனோதான்; ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ஹெட்போன் துளையில் இருந்து எடுங்கள்.

பிளேஸ்டேஷன் போன்ற ஸ்டீரியோ கன்சோலில் இப்படி வந்தால் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகுங்கள். அமைதியான காதும் மாறினால் கேபிள் அல்லது கன்சோல், மாறாவிட்டால் கேப்சர்.

### மோனோவாக, எதிரொலிப்பது போலக் கேட்கிறது

மலிவு ஹெச்டிஎம்ஐ கேப்சர்களில் எம்எஸ்2109 என்ற சிப் இருக்கும். அதன் பழைய பதிப்புகள் 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவை விண்டோஸிடம் 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று தப்பாகச் சொல்கின்றன. விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் அந்தக் கருவி 96000 என்றும் ஒரு சேனல் என்றும் காட்டினால் அதுதான். செட்டிங்கில் தீராது. சத்தத்தைத் தனியாக லைன்-இன் வழியே எடுக்க வேண்டும், அல்லது கருவியை மாற்ற வேண்டும்.

### "ம்ம்ம்" என்ற இரைச்சல்

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜர் வழியாக வரும் எர்த் சிக்கல். பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். நிற்காவிட்டால் டிவியில் இருக்கும் கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள், அதன் வழியாகவும் இரைச்சல் வரும். பிறகு கன்சோல், டிவி, கணினி எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள். கடைசியாக, ஆடியோ கேபிளில் ஐசொலேட்டர் ஒன்று போடலாம்.

மூன்றாவது பின்னை உடைப்பதோ டேப் ஒட்டி மறைப்பதோ வேண்டவே வேண்டாம். கேபிளின் உலோகப் பகுதியைத் தொடும்போது சுருக்கென்று அடித்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

### படத்தோடு சேரவில்லை

முதல் நிமிடத்திலும் அரைமணி கழித்தும் ஒரே அளவு தள்ளியிருந்தால் ஓபிஎஸ்ஸில் "சிங்க் ஆஃப்செட்" போட்டுச் சரிசெய்யலாம். நேரம் போகப்போகத் தள்ளிக்கொண்டே போனால் அது வேறு. ஓபிஎஸ்ஸிலும் விண்டோஸிலும் அந்தக் கருவிக்கு ஒரே எண், 48000, இருக்கிறதா பாருங்கள். படம் கேப்சரிலும் சத்தம் லேப்டாப் மைக் துளையிலும் வந்தால் இரண்டின் கடிகாரமும் வேறு என்பதால் விலகத்தான் செய்யும். முடிந்தவரை இரண்டையும் ஒரே கருவியில் எடுங்கள்.

## அறிகுறி: விட்டு விட்டு ஓடுகிறது

ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பலகையைத் திறந்து வைத்துப் பதிவு செய்யுங்கள். "என்கோடிங் லேக்" ஏறினால் என்கோடரை கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றுங்கள். "ரெண்டரிங் லேக்" என்றால் கேன்வாஸ் அளவைக் குறையுங்கள்.

இரண்டும் பூஜ்யமாக இருந்தும் தடுக்கினால் யூஎஸ்பியைப் பாருங்கள். 720×576 படம் சுருக்காமல் வரும்போது நொடிக்குச் சுமார் 20 எம்பி. ஒரு யூஎஸ்பி 2.0 ஹப்பில் வெப்கேமும் ஹார்ட் டிஸ்க்கும் கூடவே இருந்தால் திணறும். கேப்சரைக் கணினியில் நேராகச் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 ஹெச்டிஎம்ஐ கேப்சரில் 1080 அளவில் ஒய்யூஒய்2 (சுருக்காத வடிவம்) தேர்வாகியிருந்தால் நொடிக்குச் சில படங்களே வரும்; எம்ஜேபெக் (சுருக்கிய வடிவம்) ஆக்குங்கள்.

பதிவை எம்கேவி வடிவத்தில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிவானது மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து எம்பி4 ஆக்கலாம்.

## அறிகுறி: ஆள் குண்டாகத் தெரிகிறார்

720×480 என்பதும் 720×576 என்பதும் அப்படியே காட்ட வேண்டிய அளவு அல்ல. சோர்ஸை 4:3 ஆக இழுங்கள்: 960×720 அல்லது 1440×1080. இருபுறமும் கறுப்புப் பட்டை வருவது சரியானதே.

## அறிகுறி: பட்டன் அழுத்தினால் தாமதமாக நடக்கிறது, துப்பாக்கி வேலை செய்யவில்லை

ஓபிஎஸ் திரையைப் பார்த்து ஆடாதீர்கள். எந்த செட்டிங்கும் அந்தத் தாமதத்தை முழுதாக நீக்காது. சோர்ஸில் "பஃபரிங்" அணைத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அடாப்டர் வைத்த ஸ்பிளிட்டரில் ஒரு கிளையை டிவிக்கும் ஒரு கிளையைக் கேப்சருக்கும் கொடுத்து, டிவியைப் பார்த்து ஆடுங்கள்.

வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி டப்பா டிவியில் மட்டுமே வேலை செய்யும். எல்சிடியில் குறி தப்புவது துப்பாக்கியின் கோளாறு அல்ல. டப்பா டிவியிலும் சுடவில்லை என்றால் டிவியின் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றி, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். பிறகு துப்பாக்கி முனையின் லென்ஸைத் துடையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உள்ளிருக்கும் ஒளி உணரியையும் டிரிக்கர் சுவிட்சையும் மெக்கானிக்கிடம் காட்டலாம். டப்பா டிவியின் படம் மங்கியே இருந்தால் டிவியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிக்சர் டியூபில் தேங்கும் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் இருக்கும், அது பழைய டிவி மெக்கானிக் மட்டுமே தொட வேண்டிய வேலை.